முயலின் தடமும் நூல் கண்ணியும்

ஜனவரி 6

வேலியிலிருந்து மேய்ச்சல் நிலம் வரை முயல் தடம் ஒன்று ஓடுகிறது. நின்று பார்த்தால் ஒரே கோடு. குனிந்து பார்த்தால் துண்டு துண்டாக இருக்கிறது. உள்ளங்கை அகலத்துக்குப் புல் நசுங்கிய ஒரு திட்டு, அதையடுத்து நிமிர்ந்து நிற்கும் புல், மறுபடியும் திட்டு. பழகிய தடத்தில் முயல் மிதித்த இடத்தையே மிதிக்கிறது, தாண்டிய இடத்தையே தாண்டுகிறது. கண்ணி, அதாவது கழுத்தை இறுக்கும் கம்பி வளையம், வைக்கத் தெரிந்தவர்கள் நசுங்கிய திட்டை விட்டுவிட்டு, இரண்டு திட்டுகளுக்கு நடுவே நிமிர்ந்திருக்கும் புல்லைத்தான் தேடுவார்கள். அதன் காரணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கம்பி கட்டப்போவதில்லை. காட்டு முயலைக் கண்ணியில் பிடிப்பது பல நாடுகளில் குற்றம். வேல்ஸ் 2023இலும் ஸ்காட்லாந்து 2024இலும் கண்ணிகளையே தடை செய்துவிட்டன. எனக்குத் தையல் நூல் போதும். முட்டினால் அறுந்துவிடும், முயலுக்கும் ஒன்றும் ஆகாது.

ஜனவரி 7

இரவு மழை. தடத்தின் ஓரத்து ஈர மண்ணில் சுவடுகள் அச்சாக விழுந்திருக்கின்றன. நீளமான இரண்டு சுவடுகள் பக்கம் பக்கமாக முன்னே; சிறிய இரண்டு பின்னே. முன்னே இருப்பவைதான் பின்னங்கால்கள்! முன்னங்கால்களை ஊன்றி, பின்னங்கால்களை அவற்றுக்கும் அப்பால் வீசிப் போட்டு, அங்கிருந்து உந்துகிறது. இது தெரியாதவர் முயல் வந்த திசையைப் போன திசை என்று சாதிப்பார். சில இடங்களில் முன்னங்கால் சுவடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மொத்தம் மூன்றாகத்தான் தெரிகின்றன. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றவனுக்கும் ஏதோ ஆதாரம் இருந்திருக்கும் போல.

ஜனவரி 9

நிமிர்ந்த புல்லின் இருபுறமும் குச்சி நட்டு, குறுக்கே மூன்று நூல்கள் கட்டியிருந்தேன். கணுக்கால் உயரத்துக்கும் கீழே ஒன்று, ஒரு முஷ்டிக்குச் சற்று மேலே ஒன்று, ஒரு சாணுக்கு மேலே ஒன்று. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நடு நூல் மட்டும் அறுந்து, ஒரு முனையில் சாம்பல் நிற மயிர் ஒட்டியிருந்தது. கீழ் நூலில் பனித்துளிகூடக் கலையவில்லை.

விஷயம் இதுதான். திட்டில் கால் பதிக்கும்போது முயல் நிற்கலாம், மோந்து பார்க்கலாம், திரும்பலாம்; தலை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. தாவிவிட்டால் உடல் நீண்டு, தலை முன்னே போகிறது. நடுவழியில் நிற்கவும் முடியாது, விலகவும் முடியாது. கண்ணியைத் தரையிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டுவது இந்தக் கணக்கில்தான்.

ஜனவரி 10

பலத்த காற்று. ஒரு நூலும் அறவில்லை. புழுக்கைகள் எல்லாம் காய்ந்து வெளிறிய பழையவை.

ஜனவரி 13

வளைக்கு அருகே கட்டிய நூல்கள் வீணாயின. வளையை விட்டு வெளியே வந்ததும் முயல் ஓடுவதில்லை. உட்கார்ந்து காது திருப்பி, இரண்டு அடி வைத்து, மறுபடி உட்கார்கிறது. சந்தேகம் வந்தால் பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு. மற்றவையும் உள்ளே போய்விடுகின்றன. வேலிக்கு அடியில் நுழையும் பொத்தலிலும் இதே கதை. அங்கே உடலைத் தாழ்த்தி ஊர்கிறது. மீசை முதலில் தொட்டுப் பார்த்துவிடுகிறது. அவசர ஓட்டமெல்லாம் வளைக்கும் மேய்ச்சலுக்கும் இடைப்பட்ட வெட்டவெளியில்தான், அந்தியிலும் விடியலிலும்.

ஜனவரி 15

பக்கவாட்டில் கண்கள் இருப்பதால் முயலுக்குப் பின்னால் வருவதும் தெரியும், தலைக்கு மேல் பறப்பதும் தெரியும். மூக்குக்கு நேர் முன்னே மட்டும் சிறு குருட்டுப் பகுதி. மெல்லிய வளையம் தொங்குவது சரியாக அங்கே. ஆனால் உயரம் இரண்டு விரல் பிசகினாலும் கழுத்துக்குப் பதிலாக இடுப்போ காலோ மாட்டி, ஆள் வரும்வரை துடிக்கும். அதே தடத்தில் வரும் பூனைக்கும் நரிக்குட்டிக்கும் விதிவிலக்கு கிடையாது. கண்ணியைச் சாமர்த்தியம் என்று புகழ்பவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

நாளை குச்சிகளைப் பிடுங்கி, மேட்டுப்பக்கம் வளையும் தடத்தில் நடவேண்டும். சரிவில் தாவலின் நீளம் மாறியிருக்கிறது. திட்டுகள் மிக நெருக்கமாக இருக்கின்றன.