ஔவைக்கு யார் சோறு போட்டது?

பெப்ரவரி 7, 2025, வெள்ளி

எங்கள் பாடசாலையில் நூலகம் என்ற பலகை மட்டும் பழையபடி இருக்கிறது. உள்ளே இரண்டு இரும்பு அலமாரிகள். ஒன்று முழுக்கப் பழைய பரீட்சை வினாத்தாள்கள். அவற்றைக் காலி செய்ய அதிபர் இன்று அனுமதி தந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் தரம் 7 பிள்ளைகளுக்கு நான் கதை வாசிக்கலாம், பாடத்திட்டம் பின்தங்கக் கூடாது என்பது நிபந்தனை.

வகுப்புப் பதிவேட்டில் 'தாய் வெளிநாடு' என்று ஒரு குறிப்பு எழுதுவோம். குவைத், சவூதி, ஜோர்தான் என்று வேலைக்குப் போன தாய்மார். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் இந்தக் குறிப்பு இல்லாத வகுப்பைப் பார்ப்பது அரிது. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. வாரம் தவறாமல் பேசும் தாய் இருக்கிறாள். முதலில் பணமும் பேச்சும் வந்து, பிறகு இரண்டும் நின்றுபோன தாய் இருக்கிறாள். வெளிநாடே போகாமல் அடுத்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னொரு குடும்பம் நடத்திக்கொண்டு, தன் பிள்ளை சாப்பிட்டதா என்று எட்டிப் பார்க்காத தகப்பனும் இருக்கிறான். இவனுக்குப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

பெப்ரவரி 10, திங்கள்

உளவளத்துணைப் பயிற்சியில் கொடுத்த தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். புத்தகம் கொடுத்து மனத்தை ஆற்றும் முறைக்கு ஆங்கிலத்தில் பிப்ளியோதெரபி என்று பெயர். சாமுவேல் குரோதர்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1916இல் அட்லாண்டிக் மன்த்லி இதழில் அந்தப் பெயரை வைத்தார். நோயாளிகளுக்குப் புத்தகங்களை மருந்தாக எழுதிக் கொடுக்கும் ஒரு நண்பரைப் பற்றிய கட்டுரை அது. பாதிக்கு மேல் வேடிக்கை. பின்னால் வந்தவர்கள் வேடிக்கையை விட்டுவிட்டு மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தாய் இல்லாத பிள்ளையா, தாய் இல்லாத பிள்ளையின் கதையைக் கொடு. தகப்பன் குடிக்கிறானா, குடிகாரத் தகப்பன் கதையைக் கொடு.

கரோலைன் ஷ்ரோட்ஸ் என்ற ஆய்வாளர் சொன்ன வரிசை எனக்குக் கொஞ்சம் பிடிக்கிறது. வாசிப்பவர் முதலில் கதாபாத்திரத்தில் தன்னைக் காண்கிறார், அடுத்து அடக்கி வைத்தது வெளியே வருகிறது, அதன் பிறகுதான் விளக்கம் பிறக்கிறது. அந்த முதல் படிக்குப் பிள்ளை தானாக ஏற வேண்டும். "இதோ பார், இது உன் கதை" என்று நாம் புத்தகத்தை நீட்டினால், வகுப்பு முழுவதன் முன்னால் அவன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்ததாகிவிடும். ஆகவே லயமும் விமான நிலையமும் வரும் கதைகள் இப்போது வேண்டாம். தூரத்துக் கதைகள், பழைய கதைகள். அதுவும் எல்லாருக்கும் சேர்த்து.

பெப்ரவரி 14, வெள்ளி

'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்.' கொன்றைவேந்தனின் முதல் வரி. பாலர் வகுப்பிலிருந்தே எங்கள் பிள்ளைகள் இதை உரக்கச் சொல்லி வளர்கிறார்கள். அதை எழுதியதாகச் சொல்லப்படும் ஔவையையே பெற்றவர்கள் விட்டுப் போனார்கள் என்றொரு பழங்கதை உண்டு என்றேன். வகுப்பு நிமிர்ந்தது.

ஆதி என்ற பெண்ணும் பகவன் என்ற அவள் கணவனும் வரும் கதை. பிறக்கும் பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தால்தான் உன்னோடு வாழ்வேன் என்கிறான் பகவன். அப்படியே ஏழு பிள்ளைகள்: உப்பை, உறுவை, ஔவை, வள்ளி, வள்ளுவர், அதிகமான், கபிலர். இது வரலாறு அல்ல. இவர்கள் ஒரே காலத்தவர்கள்கூட அல்ல, ஔவை என்ற பெயரிலேயே பலர் இருந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவர்களுக்கு வேண்டியது வேறு.

"ஔவைக்கு யார் டீச்சர் சோறு போட்டது?"

கேட்டவள் அம்மாயியிடம் வளரும் இரட்டைப் பின்னல்காரி. பாணர் வீட்டில் வளர்ந்தாள் என்றேன். உடனே மற்றவர்களின் கணக்குத் தொடங்கிவிட்டது. வள்ளியை? குறவர்கள். கபிலரை? அந்தணர் ஒருவர். ஏன் விட்டார்கள் என்பதில் பெரியவர்களுக்குத்தான் ஆர்வம் போலிருக்கிறது. விட்ட பிறகு அன்றிரவு என்ன நடந்தது என்பதைத்தான் பிள்ளைகள் விசாரிக்கிறார்கள்.

கதையில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் ஆதி நிற்கும்போது, அந்தக் கைக்குழந்தையே வாய் திறந்து வெண்பா பாடித் தாயைத் தேற்றுகிறது. என் தலையில் எழுதிய சிவன் செத்தா போய்விட்டான், நீ கவலைப்படாமல் போ என்று. பக்தியாக இதைப் புகழலாம். நான் கேட்டேன்: அழுகிற தாயைப் பிள்ளை தேற்றுவது உங்களுக்கு விசித்திரமாக இல்லையா?

இல்லையாம். "ஞாயிற்றுக்கிழமை போனில் நாங்களும் அப்படித்தான் டீச்சர். காய்ச்சல் என்று சொன்னால் அம்மா அழும். அதனால் நல்லாயிருக்கிறோம் என்று சொல்லிவிடுவோம்."

மூன்று நான்கு தலைகள் ஆமோதித்து ஆடின. நான் அடுத்த கேள்வி எதுவும் கேட்கவில்லை. மணியும் அடித்துவிட்டது.

பெப்ரவரி 21, வெள்ளி

ஹைடி. யொஹன்னா ஸ்பைரியின் சுவிட்சர்லாந்துக் கதை, 1880களின் தொடக்கத்தில் வந்தது. மலை, குளிர், பாட்டனோடு வளரும் சிறுமி. இங்கே அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. நகரத்தில் வேலை கிடைத்ததும் சித்தி டேட்டே ஐந்து வயதுப் பிள்ளையை மலை உச்சியில் பாட்டனிடம் தள்ளிவிட்டுப் போகிறாள்.

டேட்டே கெட்டவளா என்று ஒரே சண்டை. "அவளுக்கும் சம்பளம் வேண்டும்தானே" என்று ஒரு கட்சி. பெரும்பாலும் பெண் பிள்ளைகள். ஆனால் சில வருடங்கள் கழித்து அவள் திரும்பி வந்து, நினைத்தபோது வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பொய் சொல்லி ஹைடியைப் பிராங்பேர்ட்டுக்கு அழைத்துப் போகும் இடம் வந்ததும் இரண்டு கட்சிகளும் ஒன்றாகிவிட்டன. போனதுகூடப் பரவாயில்லை, பொய் சொல்லியிருக்கக் கூடாது. இது வகுப்பின் தீர்ப்பு. கடைசி வாங்கில் இருப்பவன், அதிகம் பேசாதவன், சொன்னான்: "கடைக்குப் போகிறேன் என்றுதான் என்னிடமும் சொன்னார்கள்." யார் என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஹைடி பாட்டிக்காக ரொட்டிகளை அலுமாரியில் ஒளித்து வைக்கும் பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னான். வாசித்தேன்.

பிள்ளை தூங்கும் நேரத்தில் தாய் விமான நிலையத்துக்கு வான் வண்டி ஏறுவதுதான் இங்கே வழக்கம். அழுகையைப் பார்க்க வேண்டாமே என்று. அந்தத் தாய்மார்மேல் எனக்குக் கோபம் இல்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் சம்பளத்தில் வீடு நடத்திப் பார்த்தவர்கள்தான் கோபப்படலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் போகக் கூடாது என்று 2013இல் அரசு ஒரு விதி கொண்டுவந்தது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றது. 2022 நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டபோது அதைத் தளர்த்தியது. தகப்பன்மாருக்கு அப்படி ஓர் அறிக்கையை எவரும் கேட்டதில்லை.

மார்ச் 3, திங்கள்

தரம் 6 சிறுமி ஒருத்தி இரண்டாம் பாடவேளையிலேயே தூங்கி விழுகிறாள். இரவில் தம்பியோடு தனியாக இருக்கிறாள் என்பது இன்றுதான் தெரிந்தது. இதற்குக் கதை மருந்தல்ல. முதலில் சாப்பாடு. பிறகு அதிபரிடம் சொல்லி 1929க்கு அழைத்தோம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் தகவல் போயிருக்கிறது. இதற்குமேல் அவளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

கிரிம் சகோதரர்களின் ஹான்சல், கிரெட்டல். பஞ்சத்தில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரத் திட்டமிடுபவள் மாற்றாந்தாய் என்றுதான் நாம் கேட்டிருக்கிறோம். 1812இல் வந்த முதல் பதிப்பில் அவள் பெற்ற தாய். 1840 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆனாள். இதைச் சொன்னதும் "பயந்துவிட்டார்கள்" என்றாள் இரட்டைப் பின்னல்காரி. சரியாகத்தான் சொல்கிறாள். ஊரெல்லாம் இன்னும் அந்தப் பயத்தில்தான் இருக்கிறது. பெற்றவர்கள் தவறு செய்வார்கள் என்று பிள்ளை முன்னால் சொல்ல ஒருவருக்கும் வாய் வராது.

ஆனால் அவர்களுடைய உண்மையான கோபம் தகப்பன்மேல். மனைவி சொன்னதற்குத் தலையாட்டியவன். அவனிடமே மாணிக்கங்களை அள்ளிக்கொண்டு பிள்ளைகள் திரும்பிப் போவது எந்த ஊர் நியாயம்? முடிவை மாற்றி எழுதச் சொன்னேன். ஒருவன், தகப்பனுக்கு மூன்று மாத அரிசி மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் காட்டிலேயே கடை போட்டுவிட்டான். இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பினாள், ஆனால் சாவி கிரெட்டல் கையில். மன்னித்துவிட்டதாக எழுதியவர்களும் உண்டு. மன்னிப்பை நான் கேட்கவில்லை, எழுதியதற்கு மறுப்பும் சொல்லவில்லை. கட்டுரை வகுப்பாக இருந்தால் எல்லாரும் மன்னித்திருப்பார்கள், புள்ளிக்காக.

மார்ச் 12, புதன்

கர்ணனைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் போருக்கு முன் குந்தி வந்து நான்தான் உன் தாய் என்று சொல்லும் இடத்தை, இன்று ஓர் ஆசிரியர் வராத பாடவேளையில் மெதுவாகச் சொன்னேன். அவன் அவளை ஏசவில்லை. கூடப் போகவும் இல்லை. உனக்கு ஐந்து பிள்ளைகள் மிஞ்சுவார்கள் என்று வாக்குக் கொடுக்கிறான். ஆனால் எடுத்து வளர்த்த ராதையின் மகனாகவே, ராதேயனாகவே நிற்கிறான். இரக்கப்பட்டுக்கொண்டே மறுக்கலாம் என்பது சிலருக்குப் புதுச் செய்தியாக இருந்ததை முகத்தில் பார்த்தேன்.

கடைசி வாங்குப் பையன் மட்டும் கேட்டான்: "ராதையிடம் போய் இதைச் சொன்னானா?" தெரியவில்லையே என்றேன். "சொல்லியிருப்பான்" என்றான்.

மார்ச் 14, வெள்ளி

சாதாரண தரப் பரீட்சைக்காக இன்றோடு பாடசாலை மூடுகிறது. ஏப்ரலில் திறந்ததும் சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் மடோல் தூவவைத் தொடங்கலாம் என்று எண்ணம். 1947 நாவல், தாயை இழந்து மாற்றாந்தாயிடம் வளரும் உபாலி, நண்பன் ஜின்னாவோடு வீட்டை விட்டு ஓடித் தீவு ஒன்றில் குடியேறுகிறான். சிங்களத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போவேன். ஓடிப் போவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரப் போகிறீர்களா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஓடிப் போக நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை அதை என்னிடம் பேசினால் நல்லதுதானே என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை.

பிள்ளைகளின் விருப்பப் பட்டியல் வேறு. பேய்க் கதை, பேய்க் கதை, கிரிக்கெட், பேய்க் கதை. ஒரு தாளில் மட்டும்: 'அம்மாவே வராத கதை, நிறைய சிரிப்பு.' திங்கட்கிழமை ஹட்டனுக்கு இறங்கிப் பழைய புத்தகங்கள் கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். பேய்க்கு அதிபர் சம்மதிப்பாரா என்பது தனிப் பிரச்சினை.