மல்லாட்டைக்கு 2 கிராம் ஜிங்க் போதுமா

போன வாரம் ஊர்ல இருந்து மாமா போன் பண்ணாரு. "ஏம்மா, நீ லேப்ல ஏதோ நானோ ஜிங்க் பண்றியாமே, டேங்குக்கு ரெண்டு கிராம் போட்டா போதுமாமே, மல்லாட்டைக்கு ஒரு பொட்டலம் குடுத்து வுடேன்"னாரு. வீடியோ ஏதோ பார்த்திருக்காரு. மல்லாட்டைன்னா நிலக்கடலை, ஜிங்க்னா துத்தநாகம், பயிருக்கு கொஞ்சமா வேண்டிய சத்து. நானோன்னா அத ரொம்ப ரொம்ப பொடியாக்கினது. நான் சிரிச்சுட்டேன், ஆனா அந்த 2 கிராம் சும்மா அடிச்சு விட்ட கணக்கு இல்ல.

திருப்பதியில செஞ்ச ஆராய்ச்சி அது, 2012ல பேப்பரா வந்துச்சு. 25 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமா பிரிச்சா ஒரு நானோமீட்டர்) சைஸ் ஜிங்க் ஆக்சைட எடுத்து முதல்ல விதையில போட்டு பார்த்தாங்க, 1000 பிபிஎம்ல, அதாவது லிட்டருக்கு ஒரு கிராம்ல, முளைப்பு நல்லா இருந்துச்சு, அதையே 2000 ஆக்கினதும் வளர்ச்சி அடிபட்டுச்சு. அப்புறம் 2008-09, 2009-10 ரெண்டு ரபி (குளிர்கால) பருவத்துல வயல்ல தெளிச்சாங்க. 15 லிட்டருக்கு 2 கிராம், பக்கத்துல ஒப்பிட சீலேட் பண்ண (வேற மூலக்கூறு பிடிச்சு வச்சிருக்கற) ஜிங்க் சல்பேட் 30 கிராம். அதாவது பதினஞ்சுல ஒரு பங்கு. அந்த சீலேட் ஜிங்க விட காய் மகசூல் முதல் வருஷம் 29.5, அடுத்த வருஷம் 26.3 சதவீதம் கூட வந்துச்சு. இந்த ஒரு பேப்பர வச்சே எத்தனையோ பேர் பிஎச்டி ஆரம்பிச்சிருப்பாங்க, என்னையும் சேர்த்துத்தான்.

இந்த பவுடர் பண்றது ஒண்ணும் பெரிய வித்தை கிடையாதுங்க. ஜிங்க் நைட்ரேட் கரைசல கலக்கிகிட்டே இருக்கணும், சோடியம் ஹைட்ராக்சைட சொட்டு சொட்டா விடணும், மோர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா ஒண்ணு இறங்கும், அத நாலஞ்சு தடவை கழுவி காயவச்சு ஃபர்னஸ்ல 400 டிகிரியில வச்சு எடுத்தா பார்க்க கோலமாவு மாதிரியே இருக்கும். மூக்குல ஏறிடக்கூடாது, மாஸ்க் இல்லாம எங்க லேப்ல அந்த டப்பாவ திறக்கவே விடமாட்டாங்க.

சரி, சாதா ஜிங்க் சல்பேட்டுல என்ன குறைன்னு கேட்டா, குறை மண்ணுலதான் இருக்கு. நம்ம ஊர்ல ஏக்கருக்கு 10 கிலோ போட சொல்றாங்க, அதுல 21 சதவீதம்தான் ஜிங்க், ஆக 2 கிலோ சொச்சம். பயிர் அதுல இருந்து எடுக்கறது கால் கிலோ கூட தேறாது. மீதி எங்க போச்சுன்னா சுண்ணாம்பு மண்ணா இருந்தா அங்கயே கெட்டிப்பட்டு உக்காந்துக்கும், பாஸ்பேட் நிறைய இருந்தா அதோட சேர்ந்து கரையாத உப்பாயிடும், அதனாலதான் டிஏபியோட (பாஸ்பேட் உள்ள உரம்) ஜிங்க கலக்காதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கறாங்க.

ஆக்சைடுல கிட்டத்தட்ட 80 சதவீதம் ஜிங்க்தான், ஆனா கரையாது. அதத்தான் பொடியாக்குறோம். ஒரு மைக்ரான் (1000 நானோமீட்டர்) துகள 25 நானோமீட்டரா உடைச்சா அதே எடைக்கு 40 மடங்கு பரப்பு கிடைக்கும், பரப்பு கூடினா கரையற வேகம் கூடும். அவ்ளோதான் சூட்சுமம். செடி நானோ துகள அப்படியே முழுங்கி வளருதுன்னு வீடியோல சொல்றத நம்பாதீங்க. நானோ துகள் கொடுத்த சோயா செடிய எக்ஸ்ரே வச்சு பார்த்தப்போ சீரியம் ஆக்சைடு (வேற ஒரு உலோக ஆக்சைடு) உள்ள போயும் பெரும்பாலும் துகளாவே இருந்துச்சு, ஜிங்க் ஆக்சைடு துகள் மட்டும் செடிக்குள்ள கண்ணுலயே படல, சிட்ரேட் மாதிரி ஏதோ ஒண்ணோட சேர்ந்த ஜிங்காதான் இருந்துச்சு. அதாவது செடிக்கு வேண்டியது அயனி, தண்ணியில கரைஞ்சு மின்னூட்டத்தோட இருக்கற ஜிங்க். நானோங்கிறது அந்த அயனிய கொண்டு வந்து இறக்குற வண்டி.

வண்டிக்கு ரோடும் முக்கியம். ஆஸ்திரேலியாவுல உரக்குருணை மேல ஜிங்க் ஆக்சைடு பூசி பார்த்தாங்க. யூரியா மேல பூசினத விட அமிலத்தன்மை உள்ள மோனோ அமோனியம் பாஸ்பேட் மேல பூசினது வேகமா கரைஞ்சுது, ஆனா நானோ பூசினதுக்கும் சாதா பவுடர் பூசினதுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. எனக்கு இத படிச்சப்போ ஒரு நாள் பூரா மூட் அவுட்.

ஆராய்ச்சிக்கு செடி வளர்த்த என் தொட்டி கதைய வேற சொல்லணும். முதல் தடவை தெளிக்கும்போது லேப்ல டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோச்சுன்னு போர் தண்ணியில கலக்கிட்டேன். உப்புத் தண்ணி, கால்சியம் நிறைய. கால் மணி நேரத்துல துகள் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிகிட்டு டேங்க் அடியில வண்டலா இறங்கிடுச்சு, மேல தெளிஞ்ச தண்ணிய தான் நான் பதினஞ்சு தொட்டிக்கும் பொறுப்பா தெளிச்சுகிட்டு இருந்திருக்கேன், கடைசி தொட்டியில நாசில் அடைச்சப்பதான் விஷயமே தெரிஞ்சுது. இப்ப நினைச்சு பாருங்க, மாமா கிணத்துத் தண்ணி எங்க போர விட உப்பு.

இன்னொரு கணக்கும் இருக்கு. சாதா ஜிங்க் சல்பேட்டயே 0.5 சதவீதமா இலையில தெளிச்சா 15 லிட்டருக்கு 75 கிராம், ஏக்கருக்கு பத்து டேங்க்னு வச்சாலும் முக்கா கிலோ. மண்ணுல போடற 10 கிலோ எங்க, இது எங்க. நானோவால மிச்சம்னு விளம்பரத்துல சொல்றதுல பாதி, மண்ணுல போடாம இலையில தெளிச்சதால வந்த மிச்சம். திருப்பதிக்காரங்க இலைக்கு இலைன்னு நியாயமா ஒப்பிட்டாங்க, அதனால அத நான் ஒதுக்கல. ஆனா கடையில பாட்டில் விக்கறவங்க மண்ணுல போடற மூட்டையோட ஒப்பிடறாங்க பாருங்க, அதுதான் கடுப்பு. இலையில தெளிச்சா அடுத்த போகத்துக்கு மண்ணுல பெருசா ஒண்ணும் சேராதுங்கறதையும் சொல்ல மாட்டாங்க.

மல்லாட்டைன்னா வேர் முடிச்சு கவலை வேற, அந்த முடிச்சுல இருக்கற பாக்டீரியாதான் காத்துல இருந்து தழைச்சத்து பிடிச்சு குடுக்கும். ஜிங்க் ஆக்சைடு பாக்டீரியாவ கொல்லும், புண்ணு களிம்புல இருக்கிறது அதுதானே. பட்டாணியில நானோ ஜிங்க் ஆக்சைடு கொடுத்தப்போ முடிச்சு தழைச்சத்து பிடிக்க ஆரம்பிக்கறது தள்ளிப்போயி, முடிச்சும் சீக்கிரமே கிழடு தட்டினத பார்த்திருக்காங்க. இலையில தெளிக்கறதும் வேருல ஊத்தறதும் ஒண்ணு இல்லதான், இருந்தாலும் மாமா கையில பொட்டலத்த குடுத்தா ரெண்டு கிராம் போடற இடத்துல ஒரு கை அள்ளி போடுவாரு, எனக்கு அவர தெரியும்.

அதனால பவுடர் அனுப்பல. "மாமா, முதல்ல மண்ணு டெஸ்ட் பண்ணுங்க, ஜிங்க் குறைவா இருந்தா சல்பேட்டே வாங்கி மணல்ல கலந்து தூவுங்க"ன்னு சொன்னேன். அரை மனசா சரின்னாரு. நேத்து ராத்திரி மறுபடி போன், "வாங்கிட்டேன்மா, டிஏபி மூட்டையும் பிரிச்சு வச்சிருக்கேன், ரெண்டையும் ஒண்ணா கலந்து வீசிடட்டா?"