கச்சானில் கொடி பிடிப்பது

2006 கால்பந்து உலகக் கோப்பையிலேயே நடுவர்கள் காதில் ஹெட்செட் மாட்டிப் பேசிக்கொண்டார்கள். கீழக்கரைப் பக்கம் நான் லைன்ஸ்மேனாக, அதாவது கோட்டோரம் கொடி பிடிக்கிற துணை நடுவராக, நிற்கிற மைதானங்களில் இன்னும் கண்ணும் கொடியும்தான். கச்சான் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில் விசில் சத்தமே பாதித் தூரத்தில் கரைந்துவிடும். கத்திப் பிரயோஜனமில்லை.

மேட்ச்சுக்கு முன்னால் ரெஃப்ரி காக்கா (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்) லைன்ஸ்மேன்களான எங்களை வேப்பமரத்தடிக்குக் கூப்பிடுவார். "ஒம் பக்கத்துல நடக்குற ஃபவுல நீ பாரு தம்பி. கொடிய ஆட்டுறதுக்கு முன்னாடி என் மூஞ்சியப் பாரு." அவர் மைதானத்தில் மூலைக்கு மூலை குறுக்காக ஓடுவார். பெரும்பாலும் பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும். தலையைத் தூக்கினால் நான் தெரிவேன்.

ஆஃப்சைடு, அதாவது ஆட்டக்காரர் எதிரணி கோல் பக்கம் முந்தி நிற்கிற தப்பு, என்றால் கொடி நேராக மேலே. விசில் வந்தபின் இடம் காட்ட வேண்டும்: ஆள் எதிர்க்கோட்டுப் பக்கம் நின்றால் மேல்நோக்கிய சாய்வு, நடுவில் என்றால் மட்டம், என் பக்கம் என்றால் கீழ்நோக்கி. வெளியே போன பந்தை உள்ளே எறிகிற த்ரோ யாருக்கென்று எனக்கே சந்தேகமா? கொடியைத் தூக்கிவிட்டு காக்காவின் கையைப் பார்ப்பேன். அவர் காட்டுகிற திசைதான் என் திசையும்! பார்வையாளர்களுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எங்களுக்குள் பேசிவைத்த ரகசியமும் உண்டு. நான் சட்டைப் பையில் கை வைத்தால் மஞ்சள் அட்டை, பின்பையைத் தொட்டால் சிவப்பு.

பிடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் ரெஃப்ரி கையில் கட்டியிருக்கிற கருவி அதிர்கிற மாதிரி கொடி ஒன்று விற்கிறது. கமிட்டிக்காரரிடம் சொன்னேன். "உப்புக்காத்துல எத்தன நாளைக்கு ஓடும்?" என்றார். நியாயமான கேள்விதான்.