இத்தாலி ரயில் டிக்கெட்: ரயிலுக்கா, நாளுக்கா, நிமிடக் கணக்குக்கா?

இத்தாலியில் ஒரு டிக்கெட் கைக்கு வந்ததும் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இது குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கா, ஒரு நாளுக்கா, இல்லை இத்தனை நிமிடத்துக்கா? காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தும் அபராதம் கட்ட நேர்வது பெரும்பாலும் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான்.

ரயிலோடு கட்டப்பட்டவை அதிவேக ரயில்கள். அரசு நிறுவனமான ட்ரெனித்தாலியாவின் ஃப்ரெச்சாரோஸா, அதற்குப் போட்டியாக 2012 முதல் ஓடும் தனியார் இத்தாலோ, இரண்டுமே இந்த வகை. ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கு ஒன்றரை மணி நேரம், நேப்பிள்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குள், மிலானுக்குச் சுமார் மூன்று மணி நேரம். விலை விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும், முன்கூட்டி வாங்கினால் பாதிக்கும் கீழே கிடைப்பதுண்டு. ஒரே வழித்தடத்துக்கு இரண்டு நிறுவனங்களின் தளத்தையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ட்ரெனித்தாலியாவில் மலிவானது சூப்பர் எகானமி. அதை மாற்றவும் முடியாது, பணமும் திரும்பாது. எகானமியில் புறப்படுவதற்கு முன் வித்தியாசத்தைக் கட்டி மாற்றலாம். பேஸ் வகையில்தான் உண்மையான சுதந்திரம். ஷெங்கன் விசா கைக்கு வரும் முன் சூப்பர் எகானமி வாங்கவே வாங்காதீர்கள். பத்து யூரோ மிச்சம் பிடிக்கப் போய் மொத்தமும் போகும்.

இந்த டிக்கெட்டுகள் பெயரில் தரப்படுபவை. நோமே என்ற கட்டத்தில் உங்கள் பெயர், கோன்யோமே என்ற கட்டத்தில் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருப்பது நம்மவர்களிடம் சகஜம், ஆனால் தளம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. இருக்கிற ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் இடுவது வழக்கம். ரயிலில் பாஸ்போர்ட்டைக் கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள். ஊர்ப் பெயர்களை இத்தாலிய வடிவத்தில் தட்டச்சு செய்யுங்கள்: ஃபிரென்ஸே (ஃப்ளாரன்ஸ்), வெனேட்சியா (வெனிஸ்), நாப்போலி (நேப்பிள்ஸ்), மிலானோ (மிலான்). வடக்கே ஸ்டேஷன் பலகையில் மோனக்கோ என்று பார்த்து மயங்க வேண்டாம். இத்தாலியர்கள் மியூனிக்கையும் அப்படித்தான் சொல்வார்கள்.

நாளோடு கட்டப்பட்டவை ரெஜியோனாலே என்னும் பிராந்திய ரயில்கள். தூரத்தைப் பொறுத்து நிலையான கட்டணம், இருக்கை எண் கிடையாது. பல நாள் முன்பு வாங்கினாலும் ஐந்து நிமிடம் முன்பு வாங்கினாலும் ஒரே விலை, ஆகவே இதற்கு முன்பதிவுக் கவலையே வேண்டாம். ஃப்ளாரன்ஸிலிருந்து பீசா மாதிரி ஒரு மணி நேரப் பயணங்களுக்கு இதுதான் சரி. ரோம்–ஃப்ளாரன்ஸ் இதில் போனால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும்.

சிக்கல் காகித டிக்கெட்டில் வருகிறது. டிக்கெட் வாங்கியது பாதி வேலைதான், ஏறும் முன் முத்திரை குத்த வேண்டும். பிளாட்பார வாசலில் சுவரிலும் தூணிலும் சிறு இயந்திரங்கள் இருக்கும். டிக்கெட்டின் முனையைச் செருகி இடப்பக்கம் தள்ளினால் கறகற என்ற சத்தத்தோடு தேதி, நேரம், ஸ்டேஷன் மூன்றும் அச்சாகும். சத்தம் கேட்டதே போதும் என்று கிளம்பாமல், எழுத்து தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மை தீர்ந்த இயந்திரமும் அதே சத்தம் போடும். அங்கிருந்து 4 மணி நேரம் செல்லும். எந்த இயந்திரமும் வேலை செய்யவில்லை என்றால் பேனாவால் தேதி, நேரம், இடத்தை டிக்கெட்டிலேயே எழுதிவிட்டு, ஏறியவுடன் நடத்துநரை, அதாவது காப்போத்ரேனோவை, நீங்களே தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் வந்து கேட்ட பிறகு சொல்வது விளக்கமாகாது. கைபேசியில் வாங்கிய பிராந்திய டிக்கெட்டுக்கு இந்த இயந்திரம் தேவையில்லை. ஆனால் வந்த மின்னஞ்சலை முழுக்கப் படியுங்கள், செக்-இன் கேட்டிருந்தால் ஏறும் முன்பே அதை முடியுங்கள்.

சரியான டிக்கெட் இருந்தும் ரயிலைத் தவறவிடுவது பலகையைப் படிப்பதில்தான். பார்த்தென்ஸே என்றால் புறப்பாடு, அர்ரீவி என்றால் வருகை. பலகையில் இருப்பது ரயிலின் கடைசி ஊர், நீங்கள் இறங்கும் ஊர் இல்லை. ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் போகும் ரயில் வெனேட்சியா, மிலானோ, தொரீனோ என்று எந்தப் பெயரிலும் நிற்கலாம். ஆகவே ஊரைத் தேடாமல் டிக்கெட்டில் உள்ள ரயில் எண்ணைத் தேடுங்கள். பின். என்ற பத்தி பிளாட்பார எண், ரித். என்ற பத்தி தாமத நிமிடங்கள். பெரிய ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் புறப்பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்புதான் விழும், அது வரை பலகைக்குக் கீழேயே நில்லுங்கள்.

பிளாட்பார எண் தெரிந்தாலும் தூரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ரோம் தெர்மினியில் 1 எஸ்த், 2 எஸ்த் என்று இரண்டு உண்டு. அவை 1, 2 பிளாட்பாரங்கள் இல்லை. முகப்பிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடக்க வேண்டிய தூரத்தில் இருக்கின்றன. பொலோன்யாவில் அதிவேக ரயில்களின் 16 முதல் 19 வரையிலான பிளாட்பாரங்கள் பூமிக்கடியில் ஆழத்தில் இருக்கின்றன. அங்கே பிராந்திய ரயிலிலிருந்து மாறுவதற்கு 10 நிமிட இடைவெளி வைத்துத் திட்டம் போட்டால் ஓட வேண்டியிருக்கும், 25 நிமிடமாவது வையுங்கள்.

ஸ்டேஷன் பெயரையும் இரண்டு முறை பாருங்கள். வெனேட்சியா மேஸ்த்ரே நிலப்பகுதியில் இருப்பது. தீவுக்குப் போக அதற்கடுத்த சாந்தா லூச்சியாவில் இறங்க வேண்டும், இடையில் பத்து நிமிடம். ஃபிரென்ஸே எஸ்.எம்.என். என்றால் ஃப்ளாரன்ஸின் மைய ஸ்டேஷன் சாந்தா மரியா நொவெல்லா. பொம்பேயி என்ற பழைய ரோமானிய நகரின் இடிபாடுகளைப் பார்க்க, நேப்பிள்ஸ் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கீழ்த்தளத்தில் உள்ள கரிபால்தியிலிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் சொர்ரெந்தோ திசையில் ஏறி, பொம்பேயி ஸ்காவி–வில்லா தெய் மிஸ்தேரியில் இறங்குங்கள். பொம்பேயி என்று மட்டும் பெயருள்ள வேறு ஸ்டேஷன்கள் இன்றைய ஊருக்குள் கொண்டுபோய் விடும். அந்த ரயிலில் கூட்டம் நெரியும், பெரிய பெட்டி வைக்க இடமிருக்காது. பெட்டியை ஓட்டலிலோ ஸ்டேஷன் பொருள் காப்பறையிலோ விட்டுவிட்டுப் போவது நல்லது.

குன்றின் மேல் கட்டிய ஊர்களுக்கு ஸ்டேஷன் அடிவாரத்தில் இருக்கும். ஒர்வியெத்தோவில் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மலை ஏறும் கம்பிவட ரயில் இருப்பதால் கவலையில்லை. சியேனாவுக்கு ஃப்ளாரன்ஸிலிருந்து ரயிலைவிட விரைவுப் பேருந்துதான் வசதி, பழைய நகரின் விளிம்பிலேயே இறக்கிவிடும்.

நிமிடங்களோடு கட்டப்பட்டவை நகர டிக்கெட்டுகள். ரோமில் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும், ஆனால் மெட்ரோவில் ஒரு முறைதான். மிலானில் 2.20 யூரோவுக்கு 90 நிமிடம். வெனிஸில் படகுப் பேருந்துக்கு 75 நிமிடம், 9.50 யூரோ. ஒரே நாளில் மூன்று முறை ஏறுவதாக இருந்தால் 25 யூரோ ஒருநாள் பாஸ்தான் லாபம். நேரம் ஓடத் தொடங்குவது வாங்கும்போது இல்லை, இயந்திரத்தில் காட்டும்போது. இப்போது ரோமிலும் மிலானிலும் வங்கி அட்டையையே தொட்டு ஏறலாம், ஆனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஒரே அட்டையைக் கணவனும் மனைவியும் தொட்டால் ஒருவர் டிக்கெட் இல்லாதவர். காகித டிக்கெட்டை வெள்ளை T எழுத்துப் பலகை தொங்கும் தபாக்கி என்னும் புகையிலைக் கடைகளில் வாங்கலாம். சிற்றூர்ப் பேருந்து அட்டவணையில் ஃபெரியாலே என்றால் திங்கள் முதல் சனி வரை, ஃபெஸ்தீவோ என்றால் ஞாயிறும் விடுமுறை நாளும், ஸ்கொலாஸ்திகோ என்றால் பள்ளி நாட்கள் மட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குக் கிராமப் பயணம் வைப்பவர்கள் இந்த மூன்று சொற்களையும் எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

வேலைநிறுத்தம், ஷோப்பெரோ, அங்கே அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் பிராந்திய ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். நெடுந்தூர ரயில்களிலும் உத்தரவாதமாக ஓடுபவற்றின் பட்டியல் வெளியாகும். விமானம் பிடிக்கும் நாளில் ஷோப்பெரோ இருந்தால் முந்தைய நாளே அந்த ஊர் போய்ச் சேருங்கள்.

கார் எடுப்பதாக இருந்தால் நகரங்களை முடித்துவிட்டு தஸ்கனி கிராமங்களுக்கு மட்டும் எடுங்கள். நம் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச அனுமதியும் வேண்டும், ஊரிலேயே வாங்கிப் போக வேண்டும். பழைய நகரப் பகுதிகளில் ZTL என்ற கேமரா வளையம் இருக்கும். வார்க்கோ அத்தீவோ என்று பலகை எரிந்தால் நுழையாதீர்கள். யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆனால் படம் பிடிக்கும், அபராதம் மாதங்கள் கழித்து வாடகை நிறுவனத்தின் தனிக் கட்டணத்தோடு வீடு தேடி வரும். ஓட்டல் அந்த வளையத்துக்குள் இருந்தால் வண்டி எண்ணைப் பதியச் சொல்லுங்கள். நெடுஞ்சாலையில் நுழையும்போது தரும் சீட்டைத் தொலைத்தால் மிகத் தொலைவான வாசலிலிருந்து வந்ததாகக் கணக்கிடுவார்கள். வெளியேறும்போது, தானாகக் கட்டணம் கழிக்கும் கருவி உள்ள வண்டிகளுக்கான மஞ்சள் தெலெபாஸ் பாதையை விட்டு, நீல நிறத்தில் கார்த்தே என்றிருப்பதில் போனால் அட்டையில் கட்டலாம்.

கடைசி நாள் ரோமில் என்றால் ஃபியுமிசீனோ விமான நிலையத்துக்கு இரண்டு ரயில். லெயோனார்தோ எக்ஸ்பிரஸ் தெர்மினியிலிருந்து எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் போகும், 14 யூரோ. எஃப்.எல்.1 ரயில் 8 யூரோ, ஆனால் அது தெர்மினிக்கு வராது. திபுர்த்தீனா, ஒஸ்தியென்ஸே, த்ரஸ்தேவெரே வழியாகப் போகும். ஓட்டல் த்ரஸ்தேவெரே பக்கம் இருந்தால் தெர்மினிக்கு அலையாமல் இதிலேயே ஏறுங்கள். இரண்டிலும் காகித டிக்கெட் என்றால் முத்திரை குத்தியாக வேண்டும்.