பால் குடிக்கையில் வியர்த்த பிள்ளை

என் மகனுக்கு ஏழாவது வாரத்திலிருந்து பால் குடிக்கும்போதெல்லாம் வியர்த்தது. மார்கழிக் குளிரிலும் நாலு வாய் குடிப்பதற்குள் நெற்றி நனைந்து, அப்பத்தா கன்னத்தில் வைத்த மைப்பொட்டு கரைந்து காதுவரை கோடாக வழியும். பிறகு வாயை எடுத்துவிட்டு வீறிட்டு அழுவான். காரைக்குடியில் நாங்கள் காட்டிய இடத்தில் வயிற்றுப் பொருமல் என்று சொட்டு மருந்து தந்தார்கள். எடை ஏறுகிறதா என்று அவர்கள் கேட்கவில்லை, வியர்வையைப் பற்றி நானும் சொல்லவில்லை. வீணான அந்த மூன்று வாரம் இன்றும் என்னை உறுத்துகிறது.

மூச்சிரைப்பு கூடியதும் மதுரைக்குக் கொண்டுபோனோம். முதல் எக்கோவில் இதயத் தசை பலவீனம் என்றார்கள். மறுநாள் வந்த குழந்தைகள் இதய மருத்துவர், ஈசிஜி தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, மாரடைப்பு வந்த பெரியவர்களுக்குத் தெரியும் குறி இதில் இருக்கிறதே என்று எக்கோவைத் தாமே மறுபடி எடுத்தார். இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் இடப்பக்க இதயத் தமனி, மகாதமனியிலிருந்து கிளம்பாமல் நுரையீரல் தமனியிலிருந்து கிளம்பியிருந்தது. ‘அல்காபா’ என்று பெயர். ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. பிறந்த புதிதில் நுரையீரல் தமனியில் அழுத்தம் அதிகம் என்பதால் குறை வெளியே தெரியாது. வாரங்கள் செல்ல அழுத்தம் இறங்க இறங்க, இதயத் தசைக்குச் சேரவேண்டிய ரத்தம் நுரையீரல் பக்கம் வடிந்துவிடுகிறது. கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதே பெரிய உழைப்பு, நெஞ்சு வலிப்பதால்தான் அழுகிறான் என்று அவர் சொன்னபோது, மடியில் கிடந்தவனைக் குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றை கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிக்கொண்டு என் கணவர் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடினார். தகுதியுள்ளவர்கள் பிள்ளை பிறக்குமுன்பே அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. இதய நுரையீரல் இயந்திரத்தில் வைத்து, தமனியை அதன் வாயைச் சுற்றிய சிறு வட்டச் சுவரோடு வெட்டியெடுத்து மகாதமனியில் தைத்தார்கள். இதயம் வீங்கியிருந்ததால் நெஞ்செலும்பை இரண்டு நாள் மூடவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தத் துணிக்கட்டு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதய வால்வில் இருந்த கசிவை அவர்கள் தொடவில்லை. தசைக்கு ரத்தம் கிடைத்தால் மாதக்கணக்கில் தானே குறையும் என்றார்கள், எங்களுக்கு அப்படியே குறைந்துவருகிறது.

எலும்பு கூடும்வரை ஆறு வாரம் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக்கூடாது. தலைக்கொரு கை, இடுப்புக்கொரு கை என்று அப்பத்தா செவிலியரிடம் பழகிக்கொண்டு வந்தார். பிள்ளையைப் பார்க்க வந்தவர்களையெல்லாம் முகப்பிலேயே நிறுத்தி, தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே உள்ளே விட்டார்.