தேசிய அறிக்கைக்கு வரைபட விபரம் அனுப்பும்போது

திருகோணமலையில் வரைபடம், செய்மதிப்பட வேலை செய்யும் தம்பி தங்கச்சிமாருக்கு. "மூதூர்ப் பக்கம் படமாக்கினோம்" என்றால் தேசிய அட்டவணையில் சேர்க்க வழியில்லை. பரப்பைச் சதுர கிலோமீற்றரில் தாருங்கள்.

ஆள்கூற்று முறையின் (இடத்தை எண்களால் குறிக்கும் முறையின்) பெயர் கட்டாயம். இலங்கை வரைபடங்களின் பழைய கந்தவல வலையமைப்பில் தொடக்கப் பெறுமானம் (மூலப் புள்ளிக்குக் கொடுத்த கிழக்கு, வடக்கு எண்) 200,000 மீற்றர், 1999 வலையமைப்பில் 500,000. ஒன்றுக்குப் பதில் மற்றது மாறிப்போனால் நம் மாவட்டம் இரு திசையிலும் 300 கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் விழும். அது உடனே கண்ணில் படும். டேட்டம் (ஆள்கூறுகளுக்கு அடிப்படையாக எடுக்கும் புவி மாதிரி) மாற்றத்தில் வரும் பிழைதான் பொல்லாதது: படம் சரிபோலத் தெரியும், வயல் வரம்போ அடுத்த காணிக்குள் போயிருக்கும்.

படம் எடுத்த திகதியையும் எழுதுங்கள், அறிக்கை எழுதிய திகதியை அல்ல. கந்தளாய்க் குளத்தின் நீர்ப்பரப்பு பெப்ரவரியில் ஒன்று, செப்டெம்பரில் வேறு. மாரி முகிலை ஊடுருவிப் பார்க்க செண்டினல்-1 செய்மதியின் ராடார் படம் எடுத்தால், அதற்குத் தனி நிரல்.

லாண்ட்சாட் செய்மதிப் படத்தின் 30 மீற்றர் பிக்சல் (படத்தின் ஒரு கட்டம்) 900 சதுர மீற்றர், செண்டினல்-2 செய்மதியின் 10 மீற்றர் பிக்சல் வெறும் 100. இரண்டையும் ஒரே கூட்டுத்தொகையில் போடவே வேண்டாம். சின்னக் குளங்கள் ஒன்றில் தெரியும், மற்றதில் மறைந்துவிடும்.

களத்தில் எத்தனை புள்ளி சரிபார்த்தீர்கள், எந்தக் கருவியால் என்பதையும் சேருங்கள்.