முதலில் டயர், பிறகு மட்கார்டு, கடைசியில் பூட்டு

சென்னையில் ஓர் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும். நெதர்லாந்தில் பெய்வது 850 மி.மீ. அளவுதான், ஆனால் வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்துகொண்டே இருக்கிறது. காலையில் கிளம்பும்போது தூறல், நடுவில் வெயில், திரும்பும்போது மறுபடி தூறல். பல நாட்கள் சாலை முழுசாகக் காய்வதே இல்லை. ஊரிலிருந்து இங்குள்ள ஐந்தோவன் நகருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே நல்ல மழைக்கோட்டாகத் தேடி வாங்குகிறார்கள். அதற்கு முன் சைக்கிளுக்கு நல்ல மட்கார்டு வாங்குங்கள் என்பேன். மேலேயிருந்து விழும் தண்ணீரைவிடச் சக்கரம் அள்ளி வீசும் தண்ணீர்தான் இங்கே ஆளை நனைக்கிறது. அது வெறும் தண்ணீரும் இல்லை. மணலும் இலைச்சேறும் கலந்தது. முதுகுப் பையிலும் செயினிலும் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

எனக்கு வேலை பக்கத்து ஊரான ஃபெல்ட்ஹோவனில். வார நாட்களில் அலுவலகம் போய்வரவும், விடுமுறையில் பையைக் கட்டிக்கொண்டு மாஸ்ட்ரிக்ட் பக்கமோ பெல்ஜியத்துக்குள்ளோ போகவும் ஒரே வண்டி வேண்டும் என்று, பழைய பொருள் விற்கும் மார்க்ட்ப்ளாட்ஸ் இணையதளத்தில் தேடி, ஒரு ஜெர்மன் டூரிங் சைக்கிளைப் பழையதாக வாங்கினேன். அலுமினியச் சட்டம் (ஃப்ரேம்), டிஸ்க் பிரேக், கனமான கேரியர் எல்லாம் இருந்தன. முன்பு வைத்திருந்தவர் எடை குறைக்க வேண்டும் என்று மட்கார்டைக் கழற்றி, 32 மி.மீ. டயர் போட்டிருந்தார். பூட்டு கிடையாது. இந்த மூன்றையும் நானே மாட்டினேன். இந்த ஊரில் ஒரு சைக்கிள் எப்படி வாழ்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது அந்த வேலையில்தான்.

இதில் வரிசை முக்கியம். டயரின் அகலம்தான் மட்கார்டின் அகலத்தை முடிவு செய்கிறது. மட்கார்டின் அகலம், பின்சக்கரத்தைச் சுற்றி வரும் பூட்டின் வாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று பூட்டை முதலில் வாங்கினால் கடைசியில் மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

அகல டயர் ஏன் வேண்டும் என்றால், இங்குள்ள சைக்கிள் பாதைகள் எல்லாமே வழவழப்பான சிவப்புத் தார் இல்லை. பழைய குடியிருப்புத் தெருக்கள் செங்கல் பாவியவை. 32 மி.மீ. டயரில் 5 பார் (காற்றழுத்த அளவு) காற்று அடித்து அதில் ஓட்டினால் மணிக்கட்டு வலி எடுக்கும். ஊருக்குத் தென்கிழக்கே இருக்கும் ஸ்ட்ராப்ரெக்ட்ஸே ஹைட என்ற பெரிய புதர்வெளிக்குப் போனால் மணல் வழி. மெல்லிய டயர் அதில் புதைந்துவிடும். 47 மி.மீ. டயரில் 3 பார் சுற்றிக் காற்று இருந்தால் போதும், இரண்டு இடத்திலும் வண்டி நிதானமாகப் போகிறது.

வாங்குவதற்கு முன் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். பெடல் பக்கத்தில் சட்டம் குறுகும் இடம், பூட்டு வரும் இடம், முன் ஃபோர்க்கின் தலைப்பகுதி ஆகிய மூன்றிலும் டயருக்கு இரண்டு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. மிச்சம் இருக்கட்டும். பிறகு அளவு. நம் ஊர் பெரிய சைக்கிளுக்கு வரும் 28 x 1½ டயரும் இங்கே பாட்டிமார் ஓட்டும் கறுப்புச் சைக்கிளின் டயரும் ஒரே அளவு, 635; டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் மி.மீ. கணக்கில். டூரிங் வண்டிக்கு வருவது 622. கடையில் இரண்டையுமே ‘28 இஞ்ச்’ என்றுதான் சொல்வார்கள். அதனால் இஞ்ச் கணக்கை நம்பாமல் டயரின் பக்கச் சுவரில் அச்சிட்ட 47-622 போன்ற எண்ணைப் பாருங்கள்; முதலில் வருவது அகலம், அடுத்தது அந்த விட்டம்.

நான் போட்டது ஷ்வால்பே மராத்தான் ப்ளஸ். உள்ளே 5 மி.மீ. தடிமனில் ஒரு ரப்பர் படுகை இருக்கிறது. கண்ணாடித் துண்டு குத்தினாலும் பெரும்பாலும் ட்யூப் வரை போகாது. பக்கச் சுவரில் ஒளி திருப்பும் வளையமும் உண்டு. சக்கரத்திலோ டயரிலோ அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பது இங்கே போக்குவரத்து விதி. மாட்டுவதுதான் கஷ்டம், டயர் அவ்வளவு விறைப்பு. ஓரத்தைச் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தி இறக்கிக்கொண்டே வந்தால் கடைசி ஒரு சாணுக்குத் தளர்வு கிடைக்கும். அங்கே சோப்புத் தண்ணீர் தடவி இரண்டு கட்டைவிரலால் தள்ள வேண்டும். நெம்புகோல் போட்டால் ட்யூப் கடிபடும்.

47 டயருக்கு 60 மி.மீ. மட்கார்டு சரியாக இருக்கிறது. டயரைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால்தான் பக்கவாட்டில் தெறிப்பது நிற்கும். பின்பக்கம் சுலபம். முன்பக்கம் மட்கார்டைத் தாங்கும் இடது கம்பி பிரேக்கில் இடித்தது. சிறு குழாய்த்துண்டு ஒன்றும் நீளமான எம்5 போல்ட்டும் போட்டு வெளியே தள்ளினேன். கம்பி நுனியில் மீந்ததை ஆக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு, ரப்பர் மூடி போடுங்கள். இல்லாவிட்டால் முழங்காலைக் கிழிக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் போகும் இடைவெளி, சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டுப் பக்கத்திலிருந்து கண்ணை வைத்துப் பார்த்தால் எங்கே நெருக்குகிறது என்று தெரிந்துவிடும்.

முன் மட்கார்டில் இன்னொன்று உண்டு. நல்ல மட்கார்டுகளில் கம்பி ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் உட்கார்ந்திருக்கும். குச்சி ஏதாவது சிக்கினால் கிளிப் தானே விடுபட்டுவிடும், சக்கரம் இறுகி ஆள் தலைகுப்புற விழ மாட்டார். அது இல்லாத முன் மட்கார்டை மலிவு என்று வாங்காதீர்கள். இலையுதிர் காலத்தில் பாதை முழுக்கக் குச்சிதான்.

பூட்டு விஷயத்தில் நமக்கு இங்கே எதுவும் புதிதில்லை. பின்சக்கரத்தில் குதிரை லாட வடிவில் உட்கார்ந்திருக்கும் பூட்டு நம் ஊர் சைக்கிள்களிலும் உண்டு. இங்கே தடி எஃகு, அவ்வளவுதான். பெரும்பாலான பூட்டுகளில் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். ஆனால் அது சக்கரத்தை மட்டுமே நிறுத்துகிறது, வண்டியை அப்படியே தூக்கிப் போய்விடலாம். அதனால் பூட்டின் பக்கவாட்டுத் துளையில் செருகும் சங்கிலி ஒன்றும் வேண்டும்; ரயில் நிலையத்தில் கம்பியோடு சேர்த்துக் கட்டலாம், ஒரே சாவி போதும். என் சட்டத்தில் பூட்டுக்கான துளைகள் இல்லை. பட்டை வைத்து இறுக்கும் கிளாம்ப் வாங்கி, பெயின்ட் தேயாமல் இருக்கப் பழைய ட்யூப் துண்டை அடியில் சுற்றினேன். இறுக்குவதற்கு முன் பூட்டிப் பார்க்க வேண்டும். நாக்கு ரிம்முக்கு உட்புறமாக, ஆரங்களுக்கு நடுவே தடையில்லாமல் போக வேண்டும். மட்கார்டின் ஓரம் பூட்டின் வாயில் உரசக் கூடாது.

போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “அண்ணே, இவ்வளவும் கடையிலேயே செஞ்சு குடுப்பாங்களே, நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?”

“செஞ்சு குடுப்பாங்க தம்பி. ஆனா பெல்ஜியத்துல ஆர்டென்ஸ் மேட்டுல மழையில மட்கார்டு ஆடினா, எந்த போல்ட்டுன்னு நமக்குத் தெரியணும்ல.”

அடுத்த சனிக்கிழமையே அவருக்கும் வண்டி பார்க்கப் போனோம். நல்ல வண்டி, டயருக்கு இடம் தாராளமாக இருந்தது. பூட்டு வாங்கும்போது, பூட்டின் தரத்தைச் சோதித்துத் தரும் ஆர்ட் (ART) முத்திரையில் இரண்டு நட்சத்திரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். காப்பீடு எடுக்கப் பல நிறுவனங்கள் அதைக் கேட்கின்றன. திருட்டுப் போனால் இரண்டு சாவியையும் காட்டச் சொல்வார்கள். ஒன்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வாங்கிய ரசீதும் வண்டிச் சட்டத்தின் எண்ணும் போனில் படமாக இருக்கட்டும். அப்புறம், மட்கார்டு போல்ட்டுகளை முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொரு வாரமும் இறுக்கிப் பாருங்கள். செங்கல் தெரு அதிர்ச்சியில் அவைதான் முதலில் தளரும்.